எச்சில் பட்டு

"இன்னாது, எச்சியா?"

தேவகி மடியில் விரித்து வைத்திருந்த புடவைத் தலைப்பைச் சூடுபட்டவள் போல உதறினாள். தலைப்பு நழுவிப் பாயில் விழுந்தது. அரக்கு நிறம், மாம்பழ மஞ்சள் கரை, கரை முழுக்க அன்னப்பட்சி வரிசை. ஒரு நிமிஷத்துக்கு முன்புவரை அவளும் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"எச்சிதான் சம்பந்தியம்மா!" என்றார் அய்யாக்கண்ணு. முகமெல்லாம் பெருமை. "புழு வாயிலேர்ந்து வர்ற எச்சி. வெளிய வந்ததும் காத்துல காஞ்சி நூலாயிடுதாம். முப்பது வருஷமா பட்டு நெய்றேன், போன ஞாயித்துக்கெழம வரைக்கும் எனக்கே தெரியாது பாருங்களேன்!"

சமையல்கட்டில் கேசரி கிண்டிக்கொண்டிருந்த கிருஷ்ணம்மாளின் கரண்டி நின்றது. இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு, புருஷன் எந்த இடத்தில் வாயை விடுவார் என்பது சத்தத்தை வைத்தே தெரியும்.

அய்யாக்கண்ணுவுக்கு எழுத்து கைக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. நாற்பத்தாறு வயதில், அறிவொளி வகுப்பில், தறி இழுத்துக் காய்ப்பேறிய விரலால் சிலேட்டில் 'அ' போட்டவர். அதற்குப் பிறகு அவர் கண்ணில் பட்ட எழுத்து எதுவும் தப்பித்ததில்லை. பஸ் போர்டு, சுவர் விளம்பரம், வடை சுற்றி வந்த காகிதம் எல்லாவற்றையும் நின்று படித்துவிட்டுத்தான் நகர்வார். அதிலும் பத்திரிகையின் மூலையில் கட்டம் கட்டிப் போடுகிறார்களே, 'உங்களுக்குத் தெரியுமா' என்று, அந்தத் துணுக்கு என்றால் அவருக்கு உயிர். வாழை மரமே இல்லை, அது ஒரு பெரிய செடி என்று படித்த அன்று, பக்கத்துத் தெருவில் கல்யாணப் பந்தலுக்கு வாழை கட்டிக்கொண்டிருந்தவனை நிறுத்தி வைத்துச் சொன்னார். ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் ஏழு எலும்புதான், மனுஷனுக்கும் ஏழுதான் என்று படித்த அன்று மச்சினனைப் பிடித்து உட்காரவைத்துக் கழுத்தைத் தடவி எண்ணினார். எண்ணிக்கை ஒத்துவரவில்லை. மச்சினனுக்குத்தான் ஏதோ குறை என்று முடிவு செய்தார்.

ஆனால் பட்டுத் துணுக்கு அவரை அசைத்துவிட்டது. அதைப் படித்துவிட்டுத் தறி முன்னால் வெகுநேரம் சும்மா நின்றார். கட்டைவிரல் நீளப் புழு ஒன்று துப்பியதையா நாம் இத்தனை நாளும் மயிலாகவும் மாங்காயாகவும் மாற்றிக்கொண்டிருந்தோம் என்று நினைக்க நினைக்க, புழுவின் மீதும் மரியாதை வந்தது, தன் மீதும் மரியாதை வந்தது. அந்த மரியாதையைத்தான் இப்போது சம்பந்திக்கும் பங்கு வைத்தார்.

மகள் ஜெயப்ரியாவைத் தேவிகாபுரத்தில் பாலமுருகனுக்குப் பேசி முடித்தாகிவிட்டது. பையனின் அப்பா ரங்கசாமியும் அம்மா தேவகியும் கல்யாண விவரங்கள் பேசக் காலை பஸ்ஸில் வந்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் தாத்தா காலத்திலேயே தறியை விட்டுவிட்டு நிலத்துக்குப் போய்விட்டார்கள். முறைப்படி தாலி ஏறும்போது பெண் கட்டியிருக்க வேண்டியது மாப்பிள்ளை வீட்டுப் பட்டு. அதைத் தேவகி எப்போதோ எடுத்து வைத்துவிட்டதாக நிச்சயதார்த்தத்திலேயே சொல்லிவிட்டாள். அய்யாக்கண்ணு மகளுக்கென்று முதலாளி வேலைக்கு நடுவே நேரம் திருடி நெய்த இந்த அரக்குப் புடவை, மறுவீட்டுக்குத்தான். மனசுக்குள் சின்ன வருத்தம். முறை என்றால் முறைதான் என்று விழுங்கிக்கொண்டார். வந்தவர்கள் பார்த்து ஒரு வார்த்தை பாராட்டினால் போதும் என்றுதான் புடவையை எடுத்து விரித்தார். பாராட்டினார்கள். பாராட்டில் மயங்கி வாயைத் திறந்தார்.

"படவேட்டு ரேணுகாம்பா அம்மனக் கும்புடற வூட்டு ஆளுங்க நாங்க," என்றாள் தேவகி. "எச்சி பட்ட சொம்ப மூணு தபா புளி போட்டுத் தேய்க்கிறவ நானு. எச்சித் துணியக் கட்டிகினு எம் மருமவ மணையில உக்காருவாளா? எம் புள்ள அவ கழுத்துல தாலி கட்டுவானா?"

"ஐயோ, இது அந்த எச்சி இல்லீங்க..."

"எச்சியில இந்த எச்சி, அந்த எச்சின்னு ரெண்டு கீதா?"

ரங்கசாமி "ம்" என்றார். அவர் பேசுவது அவ்வளவுதான். மனைவி இருக்கிற இடத்தில் அவருக்குப் பேச வாய்ப்பும் வந்ததில்லை, தேவையும் வந்ததில்லை. கேசரித் தட்டு வந்துவிட்டதால் அவர் கவனம் அதில் இருந்தது.

"அப்ப முகூர்த்தத்துக்கு?" என்று கேட்டார் அய்யாக்கண்ணு.

"நூல் பொடவ. பட்டே வேணாம். நாங்க எடுத்து வெச்ச பட்டையும் ஒதுக்கிடறேன். உங்குளுதும் வேணாம்."

அய்யாக்கண்ணு பாயில் கிடந்த தலைப்பைப் பார்த்தார். நூல் புடவை! பட்டுக்குப் பேர்போன ஆரணியில்! ஊரான் வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் அவர் நெய்த பட்டைக் கட்டிக்கொண்டு தாலி வாங்கியிருக்கிறார்கள். அவர் மகள் மட்டும் நூல் புடவையில் மணையேறினால், தெருவில் இருக்கிற தறி ஒவ்வொன்றும் கைகொட்டிச் சிரிக்காதா? நெய்கிறவன் வீட்டுக்கே பட்டு இல்லையா என்று கேட்கமாட்டார்களா?

எப்படியாவது சரிக்கட்ட வேண்டும். சரிக்கட்ட அவர் கையில் இருந்த ஒரே சரக்கு துணுக்குதான்.

"சம்பந்தியம்மா, எச்சின்னு ஒதுக்கக் கூடாதுங்க. தேன் கீதே தேன், அது இன்னான்னு நெனச்சீங்க? தேனீ பூவுலேர்ந்து உறிஞ்சி, வயித்துக்குள்ள வெச்சிகினு வந்து, கூட்டுல கக்குறது. வாந்தி மாதிரிதான். நாம நக்கிச் சாப்புடலியா?"

தேவகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போன ஆடியில அம்மனுக்குத் தேன் அபிசேகம் பண்ணமே! இவுரு கையாலதானே ஊத்தனாரு! அது வாந்தியா?"

ரங்கசாமி "ம்" என்றார். இந்த முறை கேசரியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"கேசரியில தேன் இல்லீங்க," என்று உள்ளேயிருந்து கிருஷ்ணம்மாள் அவசரமாகச் சொன்னாள். ரங்கசாமி தட்டை மறுபடியும் இழுத்துக்கொண்டார்.

கிருஷ்ணம்மாள் ஜாடை காட்டிப் புருஷனைச் சமையல்கட்டுக்கு அழைத்தாள்.

"உன் வாயில இன்னா, தறி கட்டி வெச்சிகிறியா? ஓயாம ஓடிகினே கீது."

"நெசத்தத்தானே சொன்னேன்?"

"நெசத்த இன்னிக்கித்தான் சொல்லணுமா? போயி, தப்பா படிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. முடிஞ்சிது பேஜாரு."

அய்யாக்கண்ணு விறைத்துப் போனார். "நான் தப்பா படிக்கல."

"படிக்கலன்னு எனக்குத் தெரியும். ஒப்புக்குச் சொல்லு."

"கிருஷ்ணா, நான் எழுத்துக் கூட்டுறத ஊரே பாத்து சிரிச்சிது. சிரிச்சவன்லாம் இப்ப என்னைக் கூப்ட்டு பஸ்ஸு போர்ட படிக்கச் சொல்றான். நான் எப்டி..."

"பொண்ணு நூல் பொடவையில உக்காரட்டுமா?"

அய்யாக்கண்ணு தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெளியே வந்தார். மகளுக்காக எதையும் சொல்லலாம் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

"சம்பந்தியம்மா, மன்னிச்சிக்கணும். நான் தப்பா படிச்சிட்டேன். அது எச்சி இல்ல. வேற ஏதோ போட்டிருந்தான்."

தேவகி அவரை உற்றுப் பார்த்தாள். "தப்பா படிச்சீங்களா? அப்ப உங்குளுக்குப் படிக்கத் தெரியாதா?"

"தெரியுங்க!"

"பொண்ணு வூட்ல எல்லாருக்கும் படிக்கத் தெரியும், அப்பாவே பேப்பரு படிக்கிறாருன்னு தரகரு சொன்னாரே. அப்ப அது பொய்யா?"

"அய்யோ, பொய் இல்லீங்க. நல்லா படிப்பேன்."

"எங்க, அந்தக் காலண்டரப் படிங்க பாப்பம்."

சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நேரம். அய்யாக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டு, தேதியில் ஆரம்பித்து, நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம், பரிகாரம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் வாசித்தார். ராசி பலனுக்கு வந்தபோது குரலில் ராகமே வந்துவிட்டது. "மேஷம் இன்பம், ரிஷபம் வீண்பேச்சு, மிதுனம் நன்மை..."

"உன்னுது ரிஷபம்தானே?" என்று சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது.

அவர் காதில் வாங்கவில்லை. மீனம் வரை முடித்துவிட்டுத்தான் திரும்பினார். ஒரு எழுத்து பிசகவில்லை. நெற்றியில் வேர்வை, முகத்தில் வெற்றி.

தேவகி நிதானமாகச் சொன்னாள். "இம்மாம் நல்லா படிக்கிறீங்களே. அப்ப அதையும் சரியாத்தான் படிச்சிருப்பீங்க. அது எச்சிதான்."

படிக்கத் தெரியும் என்றால் பட்டு எச்சில். பட்டு எச்சில் இல்லை என்றால் அய்யாக்கண்ணு தற்குறி. இரண்டு பக்கமும் கதவு சாத்திய அறைக்குள் அவரே போய் உட்கார்ந்து உள்ளே தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிசம்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். "விசயம் தெரிஞ்ச ஒருத்தரக் கூட்டியாறேன். அவரு சொன்னா நீங்க நம்புவீங்க."

அடுத்த தெருவில்தான் சம்பந்தம் வாத்தியார் வீடு. அய்யாக்கண்ணுவுக்கு அறிவொளியில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். ஜல்தியாகச் சட்டையை மாட்டச் சொல்லி அவரை இழுத்துக்கொண்டு வந்தார். வருகிற வழியிலேயே விவரம் சொன்னார்.

"அப்ப நான் வந்து எச்சில் இல்லைன்னு பொய் சொல்லணுமா?" வாத்தியார் தெருவிலேயே நின்றுவிட்டார். "அறிவொளி வாத்தியார் அறிவியலுக்கு விரோதமா பேசலாமா அய்யாக்கண்ணு?"

"பொய் வேணாம் சார். எச்சின்ற அந்த வார்த்த மட்டும் வராம, சுத்தி வளைச்சி சொல்லுங்க. பொண்ணு கல்யாணம் சார்."

வாத்தியார் யோசித்தார். "அந்த வார்த்தை வரக்கூடாது, அவ்வளவுதானே? பார்த்துக்கலாம் வா."

வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து, கனைத்துக்கொண்டார்.

"அம்மா, பட்டை எச்சில்னு சொல்றது தவறு."

அய்யாக்கண்ணுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கிருஷ்ணம்மாள் கதவோரம் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அதை உமிழ்நீர்னு சொல்லணும்."

"அது இன்னா சார்?" என்றாள் தேவகி.

"அதுவா? எச்சிலுக்குச் சுத்தமான தமிழ்."

வந்த உயிர் அப்படியே வாசலோடு திரும்பிப் போனது. வாத்தியாருக்கோ கேட்க ஆள் கிடைத்த உற்சாகம். வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டார். "புழு தலையை எட்டுப் போடற மாதிரி ஆட்டி ஆட்டி, தன்னைச் சுத்தி அந்த உமிழ்நீராலேயே கூடு கட்டுது. அந்தக் கூட்டைத்தான் கொதிக்கிற தண்ணியில போடறாங்க. உள்ள புழு உயிரோட இருக்கும்போதே..."

அய்யாக்கண்ணு அவர் காலை மிதித்தார்.

"ஏம்பா மிதிக்கிற? உண்மையைத்தானே சொல்றேன். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான புழு சாகுதும்மா."

"கொலையுமா!" என்றாள் தேவகி. "சார், அத இன்னொரு தபா சொல்லுங்க. சம்பந்தி காதுல விழட்டும்."

வாத்தியார் இன்னொரு தடவை, முதல் தடவையைவிட விளக்கமாகச் சொன்னார். ரங்கசாமி "ம்" என்றார். தேவகி ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். எச்சிலில் ஆரம்பித்தது கொலைவரைக்கும் வந்துவிட்டது. அவள் குரலும் ஏறிக்கொண்டே போனது.

"எச்சி, வாந்தி, கொல. மூணும் சேந்த துணி. இதக் கட்டிகினு எங்க வூட்டு வெளக்க ஏத்துவாளா? நூல் பொடவைதான். பேச்சே இல்ல."

உள்ளறையில் பொருட்களை வேகமாக எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. ஜெயப்ரியா கோபம் வந்தால் அலமாரியை அடுக்குவாள்.

வாத்தியாருக்குத் தன்னால்தான் காரியம் கெட்டது என்று அப்போதுதான் உறைத்தது. நல்லது செய்ய நினைத்தார். "ஏம்மா, புழுவே வேண்டாம்னா, ஆர்ட் சில்க் இருக்குதே. மரக்கூழ்ல செய்யற நூல். பார்க்க அசல் பட்டு மாதிரியே பளபளன்னு இருக்கும். எச்சிலும் இல்லை, கொலையும் இல்லை."

தேவகி முகம் மலர்ந்தது. வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

"அது! அது போதுமே! பாக்கவும் பட்டாட்டம் இருக்கும், தீட்டும் கெடையாது. நானே ஏற்பாடு பண்ணிக்கிறேன். நீங்க யாரும் அலைய வேணாம், வந்து பாக்கவும் வேணாம்."

"ஆர்ட் சில்க்கா?" என்றார் அய்யாக்கண்ணு.

நூல் புடவை என்றாலாவது அது நூல் என்று தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளும். இது பட்டு இல்லாமல் பட்டு வேஷம் போடுகிற துணி. பவர்லூமில் மணிக்கணக்கில் கொட்டுகிற சரக்கு. அதைக் கட்டிக்கொண்டு தன் மகள் மணையில் உட்கார, தான் பக்கத்தில் நின்று தாரை வார்ப்பதை நினைத்துப் பார்த்தார். பாயில் அரக்குப் புடவை இன்னும் விழுந்தபடியே கிடந்தது. குனிந்து எடுத்தார். தூசி தட்டினார். மடிப்புப் பிசகாமல் மடித்துக் கைமேல் போட்டுக்கொண்டார். அதன் கனம் கையில் ஏற ஏற, எங்கேயோ போயிருந்த தெம்பும் ஏறியது.

"சம்பந்தியம்மா," என்றார். "நான் மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் தப்பா படிக்கல. தப்பா படிச்சேன்னு சொன்னதுதான் தப்பு. எனக்குப் படிக்கத் தெரியும். பட்டு எச்சிதான்."

"இந்தா..." என்று கிருஷ்ணம்மாள் இழுத்தாள்.

"நீ சும்மா இரு. அந்தப் புழு துப்பலன்னா இந்த வூட்ல ஒல வைக்க முடியாது. எம் பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிருக்க முடியாது. படவேட்டுல அம்மனுக்குச் சாத்துறாங்களே, அது இன்னா துணி? அதுவும் இந்த எச்சிதான். அம்மா என்னிக்காவது உதறிப் போட்டாளா? அவளுக்கே ஆவுது, உங்குளுக்கு ஆவலியா? துப்புனது புழுவா இருக்கலாம். இந்த அன்னப்பட்சிய ஒண்ணொண்ணா எழுப்பனது நானு. எம் மவ தாலி ஏறும்போது இதத்தான் கட்டிகினு இருப்பா. முற தப்புதான். ஆர்ட் சில்க்கக் கட்டறதுக்குப் பதிலா முற தப்புனா பரவால்ல."

சம்பந்தம் வாத்தியார் தன் மாணவனை, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

உள்ளறைக் கதவு திறந்தது. ஜெயப்ரியா வந்தாள். அப்பா கையில் இருந்த புடவையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றாள்.

"அத்த, தப்பா நெனச்சிக்காதீங்க. நைனா நெய்தத கட்டிகினுதான் உக்காருவேன். எனக்கு எச்சி பரவால்ல."

அய்யாக்கண்ணுவுக்குக் கண் கலங்கியது. கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும். பிள்ளையைச் சரியாகத்தான் வளர்த்திருக்கிறோம்.

தேவகி விருட்டென்று எழுந்தாள். "பாத்தீங்களா? பொண்ணு பேசுற பேச்சப் பாத்தீங்களா? இன்னா உக்காந்துகினு கீறீங்க? எழுந்திரிங்க, கெளம்பலாம்!"

ரங்கசாமி எழுந்திருக்கவில்லை. கேசரியின் கடைசி வாயை முடித்தார். தண்ணீர் குடித்தார். துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக "ம்" தவிர வேறு ஒன்றைச் சொன்னார்.

"உக்காரு தேவகி, சம்பந்தி நெய்ததையே கட்டட்டும், சைக்கிள்ல மூட்ட கட்டிகினு வந்தவன்கிட்ட அசல் பட்டுன்னு ஏமாந்து வாங்கிட்டு, இவுரு தொட்டாலே கண்டுபுடிச்சிடுவாருன்னு பயந்து சாவறியே, நீ எடுத்து வெச்ச அந்தப் பொடவையிலதான் எந்தப் புழுவும் எச்சியே துப்பலியே!"